முதல் விமான மெக்கானிக்

குழந்தைகளே! விமானத்தை முதன்முதலில் ஓட்டியவர்கள் யார் என்று கேட்டால், ரைட் சகோதரர்கள் என்று சட்டென்று சொல்லிவிடுவீர்கள். அந்த விமானத்துக்கு எஞ்ஜின் செய்து கொடுத்தவர் யார்? பெரியவர்களில் பலரும் இதற்கு விடை தெரியாமல் விழிப்பார்கள். ஆனால் விமானம் பழுது பார்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சார்லி டெய்லர் என்று பெருமையோடு சொல்வார்கள்.

டெய்லர் 1868-ஆம் ஆண்டு மே 24-ஆம் தேதி அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தார். உங்களில் பலருக்கு இப்போது என்ன வயதோ, அந்த வயதில், அதாவது 12 வயதிலேயே, படிப்பை நிறுத்திவிட்டு ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். இயந்திரங்கள் என்றால் அவருக்கு உயிர். பிற்காலத்தில் டேட்டன் என்ற நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்ற சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தி வந்தார்கள். 1901-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டெய்லர் அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். வாரச் சம்பளம் 18 டாலர். சகோதரர்கள் பறக்கும் சோதனைக்காக வெளியூர் போகும்போது, கடையைப் பார்த்துக்கொள்வதும் அவர் பொறுப்புதான்.

1902-ஆம் ஆண்டின் கடைசியில், ரைட் சகோதரர்கள் தங்கள் விமானத்துக்கு ஓர் எஞ்ஜின் தேடினார்கள். குறைந்தது 8 குதிரைத்திறன் வேண்டும். எடையோ மிகக் குறைவாக இருக்க வேண்டும். பல நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். அப்படி ஓர் எஞ்ஜின் யாரிடமும் கிடைக்கவில்லை. அந்தப் பொறுப்பு டெய்லரிடம் வந்தது.

கடையில் இருந்த முக்கியமான கருவிகள் எவை தெரியுமா? ஒரு லேத்தும், துளை போடும் இயந்திரம் ஒன்றும்தான்! எஞ்ஜினில் மிகவும் கடினமான பாகம் கிராங்க் ஷாஃப்ட் எனப்படும் முறுக்குத் தண்டு. டெய்லர் 79 செ.மீ. நீளமுள்ள தட்டையான எஃகுக் கட்டி ஒன்றை எடுத்தார். அதன் மேல் தண்டின் வடிவத்தை வரைந்தார். கோட்டின் ஓரமாக வரிசையாகத் துளைகள் போட்டு, வேண்டாத பகுதியைச் சுத்தியலாலும் உளியாலும் தட்டி எடுத்தார். பிறகு லேத்தில் பொருத்திக் கடைந்தார். முடிந்தபோது தண்டின் எடை 9 கிலோவுக்கும் குறைவு.

ஆறே வாரத்தில் எஞ்ஜின் தயாரானது. ஆனால் சோதனையின்போது அலுமினிய உடற்பகுதி உடைந்துவிட்டது. மனம் தளராமல் புதிதாக வார்க்கச் சொல்லி, மீண்டும் பொருத்தினார்கள். இந்த முறை 12 குதிரைத்திறன் கிடைத்தது. எடை சுமார் 82 கிலோ.

1903-ஆம் ஆண்டு இறுதியில் கிட்டி ஹாக் கடற்கரையில் சோதனை. அங்கே விசிறிகளைச் சுழற்றும் தண்டுகள் பழுதாகின. அவை டேட்டனுக்கே திரும்பி வந்தன. டெய்லர் சரிசெய்து அனுப்பினார். அவையும் தாங்கவில்லை. ஆர்வில் தாமே ஊருக்கு வந்து, வலுவான எஃகில் புதிய தண்டுகளைச் செய்துகொண்டு போனார். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி விமானம் 12 விநாடிகள் பறந்தது. உலகமே இன்றும் பேசும் அந்த நாளில் டெய்லர் அங்கே இல்லை. டேட்டனில் கடையைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் விமானத்தைச் சோதிப்பது, பழுது நீக்குவது எல்லாம் அவர் வேலையாயிற்று. தாமும் விமானம் ஓட்டக் கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஆனால் ரைட் சகோதரர்கள் சம்மதிக்கவில்லை. நல்ல மெக்கானிக்கை இழக்க அவர்களுக்கு மனமில்லை போலும்!

1908-இல் அமெரிக்க ராணுவம் விமானம் வாங்க முன்வந்தது. இரண்டு பேரைச் சுமந்துகொண்டு ஒரு மணி நேரம் பறந்து காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டது. செப்டம்பர் 17-ஆம் தேதி, ஆர்வில் விமானத்தை ஓட்ட, செல்ஃப்ரிட்ஜ் என்ற இளம் ராணுவ அதிகாரி உடன் அமர்ந்தார். பறந்துகொண்டிருக்கும்போதே விமானம் தலைகுப்புற விழுந்தது. ஆர்வில் பலத்த காயமடைந்தார். செல்ஃப்ரிட்ஜ் இறந்துபோனார். எஞ்ஜின் விமானத்தின் விபத்தில் முதலில் உயிரிழந்தவர் அவர்தான்.

இடிபாடுகளிலிருந்து ஆர்விலைத் தூக்கியவர்களில் டெய்லரும் ஒருவர். துக்கம் தொண்டையை அடைத்தாலும், அவர் வேலை அதோடு முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே! உடைந்த துண்டுகள் ஆராயப்பட்டன. விசிறியின் ஓர் இறக்கையில் விரிசல் விட்டிருந்தது. அதனால் ஆட்டம் கண்ட விசிறி, வாலைத் தாங்கும் கம்பியில் மோதியிருந்தது. குறை தெரிந்தது, அதைத் திருத்திப் புதிய விமானம் செய்தார்கள். 1909-இல் ராணுவத்தின் சோதனைகளில் அது வெற்றி பெற்றது. ஒரு சிறிய விரிசல் ஓர் உயிரையே பறித்ததைக் கவனித்தீர்களா?

1911-இல் கால் ராட்ஜர்ஸ் என்பவர் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு விமானத்தில் புறப்பட்டார். உதிரி பாகங்களுடன் ஒரு ரயில் கூடவே சென்றது. அதில் டெய்லரும் இருந்தார். விமானம் பல முறை விழுந்தது. ஒவ்வொரு முறையும் மெக்கானிக்குகள் அதை மீண்டும் பறக்க வைத்தார்கள். கடைசியில் பழைய பாகங்களில் ஒரு சிலவே மிஞ்சியிருந்தன!

முதுமையில் டெய்லரை வறுமை வாட்டியது. முதல் எஞ்ஜினைச் செய்தவர் ஒரு விமானத் தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளியாக இருந்தார். அவர் யார் என்று உடன் வேலை செய்தவர்களுக்கே தெரியாது. ஆர்வில் மறக்கவில்லை. ஆண்டுதோறும் டெய்லருக்கு 800 டாலர் கிடைக்கும்படி உயில் எழுதி வைத்திருந்தார். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் தேதி ஆர்வில் காலமானார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1956-இல், அதே ஜனவரி 30-ஆம் தேதி டெய்லரும் கண்மூடினார்.

டெய்லர் காலத்தில் தொடக்கத்தில் மெக்கானிக்குகளுக்கு உரிமம் கிடையாது. 1927-இல்தான் அமெரிக்க அரசு அதைக் கொடுக்கத் தொடங்கியது. 2004-இல் இரண்டு பேர் அமரும் எடை குறைந்த சிறு விமானங்களுக்கு அங்கே தனிப் பிரிவே வகுக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காக ஓட்டும் விமானம்தானே என்று அவற்றை விட்டுவிடுவதில்லை. 12 மாதங்களுக்கு ஒரு முறை, தகுதிச் சான்று பெற்ற ஒருவர் முழுவதும் சோதித்து, பறக்கத் தகுதியானது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் மேலே போகக் கூடாது.

விமானப் பணியில் 50 ஆண்டுகள் சிறப்பாக உழைத்த மெக்கானிக்குகளுக்கு அமெரிக்க அரசு ஒரு விருது தருகிறது. அதன் பெயர் சார்லஸ் டெய்லர் விருது. அவர் பிறந்த மே 24-ஆம் தேதியை அந்நாட்டில் விமானப் பராமரிப்பாளர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இனி வானத்தில் விமானம் போகும்போது கையசைப்பீர்கள் அல்லவா? அதை ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, அதைச் சோதித்துக் கையெழுத்திட்டு அனுப்பியவருக்கும் சேர்த்தே கையசையுங்கள்!