ஒரு மூலம், லட்சம் பிரதி
(கோவில்பட்டி கொண்டையராஜுவும் நம் கணினிப் படங்களும்)



நம் கரிசல்காட்டு வீடுகளில் சாமி படம் இல்லாத சுவரைப் பார்ப்பது அரிது. வருஷம் முடிந்ததும் காலண்டரின் தேதித்தாளைக் கழித்துவிட்டு, படத்தை மட்டும் வெட்டிக் கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார்கள். மல்லாங்கிணற்றில் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கஜலட்சுமி உண்டு. இந்தக் காலண்டர் படங்களுக்குத் தென்னாட்டில் வழி வகுத்தவர் ஓவியர் சி.கொண்டையராஜு. அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகுதான், கணினியில் எந்தப் படத்தை எந்த வடிவத்தில் சேமிப்பது என்ற பாடம் எனக்குத் தெளிவாக விளங்கியது. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கொண்டையராஜு 1898-ல் சென்னையில் பிறந்தார். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் முறையாகப் பயின்றார். இளமையிலேயே துறவில் நாட்டம் கொண்டு, திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் தங்கினார். பின்பு நாடகக் கம்பெனியில் சேர்ந்து மேடைக்கு 'சீன்' எழுதினார். அரண்மனை, காடு, கோயில் என்று பெரிய பெரிய திரைச்சீலைகள். கடைசி வரிசையில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். அதுதான் அந்த வேலையின் இலக்கணம்.

1940களின் தொடக்கத்தில் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. அவர் ஊர் திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிட்டார். தேவி ஆர்ட் ஸ்டூடியோ பிறந்தது. பிழைப்பு போன இடத்திலேயே புதுப் பிழைப்பைத் தொடங்கினார் என்பதை, வேலை தேடப் போகும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

பக்கத்தில் சிவகாசி. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கொண்டுவந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டரும் வந்தது. எங்க அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். அதனால் இந்த வரலாறு எனக்குச் சொந்தக் கதை மாதிரி.

காலண்டருக்கு வரைந்த ஓவியம் ஒன்றே ஒன்று. அச்சாவது லட்சக்கணக்கில். மூல ஓவியத்தைக் கேமராவில் பிடித்து, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு பிலிம்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றும் சின்னச் சின்னப் புள்ளிகளாக மாறும். காலண்டரைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், அம்மன் முகம் முழுக்கப் புள்ளிதான். மூலத்திலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம். அச்சான காலண்டரைப் பார்த்து மறுபடி பிலிம் எடுத்தால், புள்ளிமேல் புள்ளி விழுந்து முகம் கெட்டுப்போகும்.

நண்பர்களே, கணினியிலும் இதே நியாயம்தான்!

ஜேபெக் என்பது 1992-ல் தரமாக்கப்பட்ட வடிவம். படத்தை எட்டுக்கு எட்டு, அதாவது 64 புள்ளிக் கட்டங்களாகப் பிரிக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய மாற்றங்களைக் கழித்துவிடும். அதற்கு அடிப்படை நசீர் அகமது, டி.நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகிய மூவர் 1974-ல் வெளியிட்ட கணக்கு முறை. கேமரா போட்டோவுக்கு இது போதும், இடமும் மிச்சம். ஆனால் திருத்தித் திருத்தி மறுபடி சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இழப்பு. பிரதியின் பிரதி மாதிரி!

1996-ல் வந்த பி.என்.ஜி. ஒன்றையும் இழக்காது, பின்னணி இல்லாமலும் படத்தை வைக்கும். சர்க்யூட் படம், திரைப்பிடிப்பு, எழுத்துள்ள படம் இவற்றுக்கு ஏற்றது. ஆனால் அச்சுக்கான நான்கு நிறப் பிரிவு அதில் கிடையாது. ஜிஃப் 1987-ல் வந்தது. ஒரு படத்தில் 256 நிறம் மட்டும், சின்ன அசைபடத்துக்கு ஆகும். எஸ்.வி.ஜி. கோடுகளைக் கணக்காகவே வைத்திருப்பதால், சங்கச் சின்னத்தைப் பேட்ஜிலும் போடலாம், பேனரிலும் போடலாம். நாடக 'சீன்' அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது.

அச்சகத்துக்கு டிஃப். இழப்பில்லாமல் நான்கு நிறத்தையும் தாங்கும். 15 அங்குலம் அகலம், 20 அங்குலம் உயரம் உள்ள காலண்டருக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் 4500க்கு 6000. மொத்தம் 2 கோடியே 70 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு நான்கு பைட் என்றால் சுருக்காமல் சுமார் 108 மெகாபைட். கோப்பு பெருசா இருக்கேன்னு சலித்துக்கொள்ளாதீர்கள், அதுதான் நம் மூல ஓவியம்.

இது பரீட்சைக்கு மட்டும் உள்ள விஷயமா? இல்லை. ஊரில் ஒருவர் தவறிவிட்டால், வீட்டார் கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் பல கை மாறிய ஒரே படம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கேட்பார்கள். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாகிறது. கழிந்துபோன புள்ளியை எந்த மென்பொருளும் உள்ளபடியே திருப்பித் தராது. கற்பனையாக நிரப்பத்தான் முடியும். ஆகவே இன்றைக்கே வீட்டுப் பெரியவர்களைப் படம் எடுங்கள். எடுத்த கோப்பைத் தொடாமல் தனியே பத்திரப்படுத்துங்கள். மாற்றமெல்லாம் நகலில் செய்யுங்கள். அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போய்ச் சேரும்.

கொண்டையராஜு திருமணம் செய்துகொள்ளவில்லை. சீடர்களே அவர் குடும்பம். டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம் போன்றோர் அவரிடம் வளர்ந்தவர்கள். பல படங்களின் அடியில் குருவின் பெயரும் சீடரின் பெயரும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். 1976-ல் அவர் மறைந்தார். தூரிகை மட்டும் நிற்கவில்லை. படம் பிரதியாகும்போது தரம் குறையும். வித்தையைப் பிறருக்குப் பிரித்துக் கொடுத்தால் குறைவதே இல்லை. முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு அவர் விட்டுச்சென்ற சொத்து இதுதான்.

அடுத்த தடவை ஏதாவது வீட்டுச் சுவரில் பழைய காலண்டர் படம் கண்டால், அடியில் உள்ள பெயரையும் ஒரு நிமிஷம் படியுங்கள்.



— இரண்டாம் ஆண்டு, கணினிப் பொறியியல்
மல்லாங்கிணறு