வழக்கறிஞர் வ.உ. சிதம்பரனார்

கப்பலோட்டிய தமிழன் யாரென்று கேட்டால், வ.உ. சிதம்பரனார் என்று நம் பள்ளியின் சிறு குழந்தையும் விடை கூறும். 1961ஆம் ஆண்டில் அப்பெயரில் வெளிவந்த திரைப்படத்தைக் கண்டு கண் கலங்கிய பெரியோர் நம்மிடையே உள்ளனர். அப்பெருமகனார் தொழிலால் வழக்கறிஞர். இல்லத்தில் அன்புமிக்க கணவர், பொறுப்புள்ள தந்தை. நீதிமன்றத்திலும் வீட்டிலும் அவர் வாழ்ந்த வாழ்வை இங்குக் காண்போம்.

இளமையும் தொழிலும்

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில், 1872ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5ஆம் நாள், உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார் சிதம்பரனார். தந்தையாரும் வழக்கறிஞரே. திருச்சிராப்பள்ளியில் சட்டம் பயின்று தேர்ச்சி பெற்ற மகன், 1895ஆம் ஆண்டில் சொந்த ஊரிலேயே தொழிலைத் தொடங்கினார். குற்றவியல் வழக்குகளில் அவர் வல்லவர். கட்டணம் கொடுக்க இயலாத ஏழைகளுக்கும் அவர் வாதாடினார். காவல்துறையினர் தொடுத்த வழக்குகள் பல அவரது வாதத்தின் முன் நிற்கவில்லை. அதனால் அதிகாரிகளின் பகையும் வளர்ந்தது. 1900ஆம் ஆண்டில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அவருடைய முதல் மனைவியார் வள்ளியம்மை. கண்பார்வையற்ற இராமையா தேசிகர் என்னும் துறவியைச் சிதம்பரனார் தம் வீட்டில் வைத்துப் பேணினார். சாதியைக் காட்டி ஊரார் சிலர் குறை கூறினர். வள்ளியம்மையாரோ அதனைப் பொருட்படுத்தாது தம் கையாலேயே அவருக்கு உணவளித்தார். அவ்வம்மையார் இளமையிலேயே மறைந்தார். பின்னர் மீனாட்சி அம்மையாரைச் சிதம்பரனார் மணந்தார். பிற்காலத் துன்பங்களை எல்லாம் உடனிருந்து சுமந்தவர் அவரே.

கப்பலும் ஆலையும்

அந்நாளில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நடந்த கப்பல் வாணிகம் பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் நிறுவனத்தின் கையில் இருந்தது. அந்நிறுவனம் நமக்கும் அயலானதன்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கு நம் முன்னோரை ஏற்றி வந்த ‘ரஜூலா’ அந்நிறுவனத்தின் கப்பலே. கோப்பெங் வட்டாரத்தில் பால்மரம் வெட்டவும் ஈயச் சுரங்கங்களில் உழைக்கவும் வந்த குடும்பங்களில், அந்நிறுவனக் கப்பலில் கடல் கடந்தோர் பலர்.

அத்தகைய பெருநிறுவனத்திற்கு எதிராக, 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைச் சிதம்பரனார் பதிவு செய்தார். அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கொன்றின் விலை 25 ரூபாய். 1907ஆம் ஆண்டில் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடியை வந்தடைந்தன. போட்டியைத் தாங்காத வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தை மிகவும் குறைத்துப் பயணிகளை இழுக்க முயன்றது.

மறு ஆண்டு பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். குறைந்த கூலி, நீண்ட வேலை நேரம், ஓய்வு நாளின்மை ஆகியவையே அவர்தம் குறைகள். சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். வேலைநிறுத்தம் வெற்றி பெற்றது; கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் 1954ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பே, படித்த வழக்கறிஞர் ஒருவர் உழைப்பாளரின் பக்கம் நின்றதை நாம் நன்றியோடு எண்ண வேண்டும்.

சிறையும் குடும்பமும்

1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் சிதம்பரனார் கைது செய்யப்பட்டார். பிறருக்காக வாதாடியவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உதவியதற்கு மற்றோர் ஆயுள் தண்டனை என, இரண்டும் சேர்ந்து நாற்பது ஆண்டுகள்! அச்செய்தியைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை குலைந்தார். அவர் மீண்டும் பழைய நிலையை அடையவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. எனினும் கோவைச் சிறையில், மாடு இழுக்க வேண்டிய செக்கை அம்மனிதர் இழுத்தார். அச்செக்கு இன்று சென்னைக் காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கண்ணனூர்ச் சிறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது வரவேற்க வந்தோர் மிகச் சிலரே. கப்பல் நிறுவனம் கலைந்து போயிருந்தது. அவருடைய வழக்கறிஞர் உரிமையும் பறிக்கப்பட்டிருந்தது. மனைவி மக்களுடன் சென்னையில் குடியேறி, அரிசியும் மண்ணெண்ணெயும் விற்றுப் பிழைக்க முயன்றார். வறுமை வாட்டியது. அவர் நிலையை அறிந்த தென்னாப்பிரிக்கத் தமிழர் தங்களுக்குள் பணம் திரட்டினர். அத்தொகை காந்தியடிகள் வழியாக 1916ஆம் ஆண்டில் சிதம்பரனாரை வந்தடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழரின் வழிவந்தோரும் வாழ்ந்த நாடு அது. தோட்டத்து மக்களுக்கு ஈகையைக் கற்பிக்க வேண்டியதில்லை என்பதை இதனால் உணர்கிறோம்.

நன்றி மறவாமை

பல்லாண்டுகளுக்குப் பின், வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வழக்கறிஞர் உரிமை அவருக்கு மீண்டும் கிடைத்தது. கோவில்பட்டியிலும், 1932ஆம் ஆண்டிற்குப் பின் தூத்துக்குடியிலும் அவர் தொழில் நடத்தினார். வாலஸ் செய்த உதவியை அவர் மறக்கவில்லை; தம் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில அரசை எதிர்த்துச் செக்கிழுத்தவர், ஆங்கிலேயர் ஒருவர் காட்டிய நேர்மையை மகனின் பெயரிலேயே நிலைநிறுத்தினார். ஆட்சியின் கொடுமையையும் தனி மனிதரின் நன்மையையும் பிரித்தறிந்த உள்ளம் அது.

ஓய்ந்த வேளைகளில் அவர் நூல்களோடு வாழ்ந்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தார். திருக்குறளுக்கு உரை எழுதினார். ஜேம்ஸ் ஆலனின் நூல்களைத் தமிழாக்கினார். 1936ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள், தம் 64ஆம் வயதில் தூத்துக்குடியில் உயிர் நீத்தார். அவர் பிள்ளைகளுக்கென விட்டுச் சென்ற செல்வம் மிகக் குறைவு. அவர் கப்பல் விட்ட தூத்துக்குடித் துறைமுகம் 2011ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை கறுப்பு அங்கி அணிந்து நீதிமன்றம் ஏறக்கூடும். கட்டணம் கொடுக்க இயலாத ஒருவர் உங்கள் வாயிலில் வந்து நிற்கும்போது, சிதம்பரனாரை நினைத்துக் கொள்ளுங்கள். பெற்றோர்களே! அவர் துன்பத்தில் பாதியைச் சுமந்த மீனாட்சி அம்மையாரின் கதையையும் உங்கள் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அப்பெருமக்களின் நினைவைப் போற்றுவோம்.