பயிர் வளர்ச்சியை அளந்த பேரறிஞர்

மந்தைவெளி என்னும் பெயரே ஆநிரைகள் மேய்ந்த புல்வெளியை நினைவூட்டும். இன்று அங்குப் பசுமையைக் காண மாடித் தோட்டத்துத் தொட்டிகளை நாட வேண்டியுள்ளது. தொட்டியில் முளைத்த அவரை நேற்றினும் இன்று உயர்ந்திருப்பதைக் கண் அறியும். அது வளரும் கணத்தைக் கண் அறியாது. அக்கணத்தை அளந்து உலகிற்குக் காட்டிய பெருமகனார் ஜகதீஷ் சந்திர போஸ் ஆவார்.

இன்றைய வங்கதேசத்து மைமன்சிங்கில் 1858 நவம்பர் 30-ஆம் நாள் அவர் பிறந்தார். அரசு அலுவலரான தந்தை பகவான் சந்திரர், மகனைத் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். அங்கே வலப்புறம் தந்தையின் பணியாளரான இசுலாமியரின் மகனும், இடப்புறம் மீனவர் ஒருவரின் மகனும் அமர்ந்திருக்க, அவர்தம் வாய்க்கேட்ட பறவை, விலங்குக் கதைகளே அவருக்கு இயற்கையின்மீது காதலை விளைத்தன.

கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பிய போஸ், 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியருக்கு அளித்த ஊதியத்தினும் குறைவாக அவருக்கு அளிக்க முற்பட்டனர். அவர் வகுப்புகளைத் தவறாது நடத்தினார். ஊதியத்தையோ மூன்றாண்டுகள் தொடவில்லை. இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் வந்தது. அதனைக் கொண்டு தந்தையின் கடனைத் தீர்த்தார்.

ஆய்வுக்கு அவருக்குக் கிடைத்தது 24 சதுர அடிச் சிற்றறை. உள்ளூர்த் தகரத் தொழிலாளியைத் துணைகொண்டு கருவிகளைத் தாமே வடிவமைத்து, 1895-இல் கம்பியின்றி மின்னலைகளைச் செலுத்திக் காட்டினார். பின்னர் அவர் உள்ளம் செடிகளின்பால் திரும்பியது. புல்லையும் மரத்தையும் உற்றறியும் ஓரறிவுயிர் என வகுத்த தொல்காப்பியத்தைப் பயிலும் நமக்கு இத்துறை அயலானதன்று.

அவர் படைத்த கிரெஸ்கோகிராப் என்னும் கருவியின் அமைப்பு எளியது. செடியின் நுனியோடு பிணைத்த முதல் நெம்புகோல் அசைவை 100 மடங்காக்கும். இரண்டாம் நெம்புகோல் அதனை மேலும் 100 மடங்காக்கும். இவ்வாறு 10,000 மடங்கு பெருகிய அசைவு, புகையேற்றிய கண்ணாடித் தகட்டில் குறித்த இடைவெளிகளில் புள்ளிகளாகப் பதியும். நீரும் உரமும் வெப்பமும் வளர்ச்சியை விரைவுபடுத்துவதும் தடுப்பதும் சில நிமிடங்களிலேயே புலப்பட்டன.

ஐயுற்றோர் பலர். 1920-இல் இலண்டனில் அறிஞர் முன்னிலையில் கருவி சோதிக்கப்பட்டு மெய்யென ஏற்கப்பட்டது. அவ்வாண்டே அவர் இராயல் சொசைட்டி உறுப்பினரானார். செடிகளுக்கு நரம்பமைப்பு உண்டு என்ற அவர்தம் கருத்து பின்னும் விவாதத்திற்குரியதாகவே இருந்தது. அளவீட்டின் நுட்பமோ நிலைபெற்றது. 1917-இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், அங்கு விளையும் கண்டுபிடிப்புகள் மக்களின் பொதுவுடைமை என அறிவித்தார். 1937 நவம்பர் 23-இல் கிரிடியில் மறைந்தார்.

இன்று நெம்புகோலின் பணியைக் கேமரா செய்கிறது. விலை குறைந்த கேமராவொன்றை அசையாது நிறுத்தி, செடியருகே ஓர் அளவுகோலை வைத்து, ஒரே ஒளியில் குறித்த நேரந்தோறும் படமெடுத்தால் போதும். படத்தில் பச்சைப் புள்ளிகளைக் கணிப்பொறி எண்ணி, இலைப்பரப்பின் பெருக்கத்தைக் கூறிவிடும். சிறு கல்லூரியின் ஆய்வகத்திற்கும் இஃது எட்டும் பொருளே. கருவி இல்லையே என ஏங்கும் மாணவ மணிகள் அந்த 24 சதுர அடி அறையை எண்ணிப் பார்ப்பார்களாக!