கரமனையில் கிடைத்த பேறு

அருளாளர் ஒருவருடன் சிறிது காலமே பழக நேர்ந்தாலும், அதன் பயன் வாழ்நாள் முழுவதும் நிலைத்து நிற்கும். தமிழ்த் தியாகையர் என்று போற்றப்படும் பாபநாசம் சிவனின் வாழ்க்கை இதற்குச் சான்று.

1890-ஆம் ஆண்டு அன்றைய தஞ்சை மாவட்டத்துப் போலகம் கிராமத்தில் பிறந்த அவரது இயற்பெயர் ராமையா. ஏழாம் வயதில் தந்தையை இழந்தார். வறுமையுற்ற தாயார் யோகாம்பாள் 1899-இல் பிள்ளைகளுடன் திருவனந்தபுரம் வந்து சேர்ந்தார்.

அப்போது கரமனையில் நீலகண்ட சிவன் வாழ்ந்து வந்தார். திருவிதாங்கூர் அரசுப் பணியைத் துறந்த அவர், எளிய தமிழில் சிவபெருமானைப் பாடிப் பஜனை செய்வதையே வாழ்வின் பணியாகக் கொண்டிருந்தார். அப்பஜனையில் சிறுவன் ராமையா மனத்தைப் பறிகொடுத்தான். 1900-இல் அம்மகான் மறைந்தார். பழகிய காலம் மிகக் குறுகியது. ஆயினும் இசை என்பது இறைவனை அழைக்கும் குரல் என்னும் உணர்வு அப்பிஞ்சு நெஞ்சில் வேரூன்றிவிட்டது.

திருவனந்தபுரம் சமஸ்கிருதக் கல்லூரியில் ராமையா வியாகரணம் பயின்று தேறினார். 1910-இல் தாயாரும் மறைந்தார். வீடோ பொருளோ இல்லாத இளைஞருக்குக் கரமனையில் கிடைத்த செல்வமே துணை நின்றது. தலந்தோறும் சென்று பாடினார். பாபநாசத்தில் தமையனாருடன் தங்கிய அவரது திருநீறணிந்த கோலத்தையும் சிவபக்தியையும் கண்ட மக்கள், அவரைப் பாபநாசம் சிவன் என்றே அழைக்கலாயினர். கோனேரிராஜபுரம் வைத்தியநாதையரின் இசை, அவரது பக்திக்கு இலக்கணச் செறிவைத் தந்தது.

பின்னர் சென்னையில் புகழ் அவரைத் தேடி வந்தது. ‘சிவகவி’ முதலிய திரைப்படங்களுக்குப் பாடல்கள் இயற்றினார். கலாக்ஷேத்திரத்தில் இசை கற்பித்தார். 1971-இல் சங்கீத கலாநிதி விருதும், 1972-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். எனினும் மார்கழி வைகறையில், கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் பஜனை பாடி வருவதைப் பல்லாண்டுகள் விடாது நடத்தினார். கட்டணமோ மேடையோ இல்லாத அவ்வீதியில், யாவரும் உடன் பாடலாம். கரமனையில் தாம் பெற்றதை அவர் அவ்வாறே பிறருக்கு வழங்கினார்.

1973-இல் அவர் இறைவனடி சேர்ந்தார். உலகம் அவரைச் சிவன் என்று உயர்த்தியது. அவரோ தம் பாடல்களில் ராமதாசன் என்று முத்திரையிட்டு, தொண்டனாகவே நின்றார். புகழ் வளர வளரப் பணிவும் வளர்வதே மெய்யான பக்தியின் அடையாளம்.