'பேக் இன் பிளாக்' ஆல்பத்தின் அட்டை ஏன் முழுக்க கறுப்பு? பப் மேடைகளிலேயே வளர்ந்த பான் ஸ்காட்டின் கதை!

உலகத்தில் அதிகம் விற்ற ராக் ஆல்பங்களில் ஒன்று, ஏசி/டிசி இசைக்குழுவின் 'பேக் இன் பிளாக்'. 1980 ஜூலையில் வெளியானது. இதுவரை சுமார் 5 கோடி பிரதிகள் விற்றிருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் அட்டையைப் பார்த்தால் ஆள் படம் இல்லை, கலர் இல்லை. முழுக்க கறுப்பு. முதல் பாட்டே மணியோசையோடுதான் தொடங்கும்.

காரணம், அது துக்க அட்டை. ஆல்பம் வருவதற்கு 5 மாதங்களுக்கு முன்பு இறந்துபோன தங்கள் பாடகருக்கு குழு செய்த மரியாதை அது. அந்தப் பாடகர் பான் ஸ்காட். இறக்கும்போது வயது 33.

யார் இவர்? பப்புகளில் பாடியே 15 வருடம் ஓட்டியவர், வெற்றி கைக்கு எட்டிய நேரத்தில் எப்படி இறந்தார்?

பேக்கரிக்காரர் மகன்

இயற்பெயர் ரொனால்ட் பெல்ஃபோர்ட் ஸ்காட். 1946 ஜூலை 9 அன்று ஸ்காட்லாந்தில் பிறந்தார். கிரிமியூர் என்ற சின்ன ஊரில் குடும்பத்துக்கு பேக்கரி தொழில். அப்பா ஊர் பேக்பைப் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர்.

1952-ல் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. முதலில் மெல்பர்ன், 1956-ல் மேற்குக் கரையில் இருக்கும் துறைமுக ஊரான ஃபிரீமேண்டில். பள்ளியில் இவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பதால் பசங்க வைத்த பட்டப்பெயர் சுருங்கி 'பான்' ஆனது. அப்பா மாதிரியே மகனும் பேக்பைப் குழுவில் சேர்ந்து டிரம்ஸ் கற்றுக்கொண்டார்.

15 வயதில் படிப்பை விட்டார். பண்ணை வேலை, கடல் இறால் பிடிக்கும் படகில் வேலை, தராசு ரிப்பேர் என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 1963-ல் போலீஸில் பொய்ப் பெயர் சொன்னது, காவலில் இருந்து தப்பியது, பெட்ரோல் திருடியது உள்ளிட்ட வழக்குகளில் சிக்கி சிறுவர் சீர்திருத்த நிலையத்துக்கும் போய் வந்தார்.

3 குழுக்கள், 3 தோல்விகள்

வெளியே வந்ததும் பகலில் வேலை, இரவில் இசை. 'ஸ்பெக்டர்ஸ்' என்ற உள்ளூர் குழுவில் டிரம்ஸ் வாசித்தார், நடுநடுவே பாடவும் செய்தார். அடுத்து 'வாலண்டைன்ஸ்'. இதில் இரண்டு பாடகர்கள், ஒருவர் பான், இன்னொருவர் வின்ஸ் லவ்குரோவ். மேடைக்கு ஏற்ற பளபளா உடை, இனிப்பான பாப் பாட்டு. கொஞ்சம் பெயர் கிடைத்தது. 1969-ல் கஞ்சா வழக்கில் மாட்டினார்கள், 1970-ல் குழு கலைந்தது.

மூன்றாவது, அடிலெய்ட் நகரத்தின் 'ஃபிராட்டர்னிட்டி'. 1971-ல் தேசிய அளவிலான போட்டி ஒன்றில் ஜெயித்தார்கள். அந்த தெம்பில் 1972-ல் இங்கிலாந்து போனார்கள். அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடிலெய்டுக்குத் திரும்பியபோது கையில் காசு இல்லை. உர ஆலையில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். 1972-ல் செய்துகொண்ட கல்யாணமும் ஆட்டம் கண்டது. 1974 மே 3 இரவு, ஒத்திகை நடந்த பப்பில் குடித்துவிட்டு சண்டை போட்டார். கோபத்தோடு பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியவர் விபத்தில் சிக்கினார். 3 நாள் கோமா.

பிழைத்தார். பழைய கூட்டாளி லவ்குரோவ் அப்போது நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்யும் ஏஜென்ட். அவரிடம் போஸ்டர் ஒட்டுவது போன்ற எடுபிடி வேலைகளைச் செய்தார். பாடகராக இவர் கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

பப்புக்குள் ராக் வந்தது எப்படி?

இந்த இடத்தில் ஆஸ்திரேலிய பப்பைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பப்புகளின் பெயர்ப்பலகையில் பெரும்பாலும் 'ஹோட்டல்' என்றுதான் இருக்கும்.

முதல் உலகப்போர் காலத்தில் இருந்தே பல மாநிலங்களில் சாயங்காலம் 6 மணிக்கு பப்பை மூடிவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. வேலை முடிந்து வருகிறவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் அவசர அவசரமாகக் குடித்துத் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் பாட்டு, கச்சேரிக்கெல்லாம் ஏது இடம்? நியூ சவுத் வேல்ஸில் 1955-ல் இந்தக் கட்டுப்பாடு போனது. விக்டோரியாவில் 1966 வரையும், தெற்கு ஆஸ்திரேலியாவில் 1967 வரையும் நீடித்தது.

அடுத்து, 1970-களின் தொடக்கத்தில் பல மாநிலங்கள் மது அருந்தும் வயதை 18 ஆகக் குறைத்தன. திடீரென்று இளைஞர் கூட்டம், ராத்திரி வரை திறந்திருக்கும் பப்புகள், புறநகர்களில் பெரிய பெரிய ஹால்கள். கூட்டத்தை இழுக்க என்ன வழி? ஒரு ராக் குழுவைக் கொண்டுவந்து நிறுத்து. குழு வாசிக்கும்வரை கூட்டம் இருக்கும், கூட்டம் இருக்கும்வரை பீர் விற்கும். கணக்கு அவ்வளவுதான்.

28 வயது 'பெரியவர்'

1973 கடைசியில் சிட்னியில் ஏசி/டிசி தொடங்கியது. மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பிதான் குழுவின் முதுகெலும்பு. அவர்களும் ஸ்காட்லாந்தில் இருந்து குடிபெயர்ந்த குடும்பம்தான். 1974-ல் அவர்களுக்குப் புதுப் பாடகர் தேவைப்பட்டது. லவ்குரோவ் கை காட்டியது பானை.

பானுக்கு வயது 28. பள்ளிச் சீருடையில் கிட்டார் வாசித்த ஆங்கஸுக்கு 19. இவர் வயசானவர் என்று அவர்களுக்கு சந்தேகம். இவங்க சின்னப் பசங்க என்று இவருக்கு சந்தேகம். சேர்ந்து பாடிப் பார்த்தபிறகு இரண்டு சந்தேகமும் போனது.

பப் மேடை என்ன கேட்கும்?

பப்புக்கு வருகிறவர் பாட்டு கேட்க மட்டும் வருவதில்லை. பீர் குடிக்க வருகிறார், நண்பனோடு பேச வருகிறார். கண்ணாடி டம்ளர் சத்தம், சிரிப்பு, சண்டை எல்லாவற்றையும் தாண்டி அவரைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். முதல் பாட்டிலேயே பிடிக்கவில்லை என்றால் திட்டு விழும், சில இடங்களில் டம்ளரும் பறக்கும்.

அதனால் தாளம் நேராக இருக்க வேண்டும். சத்தம் ஆளை அடிக்க வேண்டும். பாட்டின் கதை எதிரில் நிற்பவருக்கு உடனே புரிய வேண்டும். பான் எழுதிய பாட்டுகள் எல்லாம் இப்படித்தான் இருந்தன. காசில்லாத பாடகன், ஏமாந்த காதலன், சூதாட்டம், ஊர் ஊராக அலைச்சல். நக்கலோடு, பக்கத்து டேபிள்காரர் கதை சொல்கிற மாதிரி இருக்கும். ஆங்கஸைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள்ளேயே நடப்பார். கிட்டார் நிற்காது.

1976 பிப்ரவரியில் மெல்பர்னின் ஸ்வான்ஸ்டன் தெருவில் லாரி மேல் நின்று ஒரு பாட்டைப் படம் பிடித்தார்கள். பாடகர்கள் படும் பாட்டைச் சொல்லும் 'இட்ஸ் எ லாங் வே டு தி டாப்' பாட்டு அது. அதில் பான் பேக்பைப் ஊதுவார். இங்கதான் ஒரு வேடிக்கை. இவர் பேக்பைப் குழுவில் இருந்தவர் என்று கேள்விப்பட்டு, யங் சகோதரர்களின் அண்ணன் ஜார்ஜ் கொடுத்த ஐடியா அது. ஆனா பான் அந்தக் குழுவில் வாசித்தது டிரம்ஸ். பாட்டுக்காக பேக்பைப்பை இழுத்துப் பிடித்துப் பழக வேண்டியதாகிவிட்டது.

லண்டனில் மறுபடியும் முதலில் இருந்து

1976 ஏப்ரலில் குழு லண்டன் போனது. அங்கே இன்னொரு குழுவோடு சேர்ந்து செல்ல இருந்த பயணம், அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் பால் காசாஃப் மார்ச் மாதம் இறந்ததால் தடைபட்டது. ஆஸ்திரேலியாவில் பெயர் வாங்கியவர்கள், ஹேமர்ஸ்மித் பகுதியில் 'ரெட் கவ்' என்ற சின்ன பப்பில் இருந்து மறுபடி தொடங்கினார்கள். முதல் செட்டில் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள், அவர்கள் நண்பர்களைக் கூப்பிட, இரண்டாவது செட்டில் பப் நிரம்பியது என்று ஒரு கதை உண்டு.

அமெரிக்கா லேசில் மசியவில்லை. அங்குள்ள ரெக்கார்டு கம்பெனி ஒரு ஆல்பத்தையே வேண்டாம் என்று ஒதுக்கியது. ஆனாலும் விடவில்லை. 1977 ஆகஸ்டில் நியூயார்க்கில் பெரிய தியேட்டரில் வாசித்து முடித்த அதே இரவு, 'சிபிஜிபி' என்ற சின்ன கிளப்பிலும் ஏறி வாசித்தார்கள்.

1979-ல் 'ஹைவே டு ஹெல்' ஆல்பம் வந்தது. அமெரிக்க பட்டியலில் 17-வது இடம் வரை போனது. 15 வருட அலைச்சலுக்குக் கிடைத்த முதல் பெரிய பலன்.

அந்த இரவு

1980 பிப்ரவரியில் லண்டனில் அடுத்த ஆல்பத்துக்கான ஆரம்ப வேலை நடந்தது. மால்கமும் ஆங்கஸும் கிட்டார் வாசிக்க, பான் டிரம்ஸில் உட்கார்ந்தார். சின்ன வயதில் கற்ற அதே டிரம்ஸ்.

பிப்ரவரி 18 இரவு, கேம்டன் பகுதியில் 'மியூசிக் மெஷின்' என்ற கிளப்புக்குப் போனார். நிறையக் குடித்தார். நண்பர் ஒருவரின் காரில் திரும்பும்போது தூங்கிப்போனார். எழுப்ப முடியவில்லை. தூங்கட்டும் என்று கிழக்கு டல்விச் பகுதியில் காரிலேயே விட்டார்கள். 19-ஆம் தேதி மாலை பார்த்தபோது அசைவு இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள், இறந்துவிட்டதாக அறிவித்தார்கள். கடுமையான மது நச்சுதான் காரணம் என்று விசாரணையில் முடிவானது.

இதில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதிகமாகக் குடித்தவர் தூங்கிவிட்டார் என்பதால் ஆபத்து நீங்கிவிடாது. வயிற்றில் உள்ள மது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். மூச்சு மெதுவாகலாம், வாந்தி தொண்டையை அடைக்கலாம். தட்டி எழுப்பியும் ஒருவர் எழவில்லை என்றால் தனியாக விடக்கூடாது. பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

அதன் பிறகு

குழுவைக் கலைத்துவிடலாமா என்று யங் சகோதரர்கள் யோசித்தார்கள். பிறகு பிரையன் ஜான்சனைப் பாடகராகச் சேர்த்து 'பேக் இன் பிளாக்' ஆல்பத்தை முடித்தார்கள். இங்கிலாந்தில் ஃபிராட்டர்னிட்டியோடு கஷ்டப்பட்ட காலத்தில் பான் மேடையில் பார்த்து வியந்த பாடகர் அவர்.

பானின் அஸ்தி ஃபிரீமேண்டில் கல்லறையில் இருக்கிறது. 2003-ல் ஏசி/டிசி ராக் இசையின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. 2004-ல் மெல்பர்னில் ஒரு சந்துக்கு குழுவின் பெயரை வைத்தார்கள். 2008-ல் ஃபிரீமேண்டில் மீன்பிடித் துறைமுகத்தில் அவருக்குச் சிலை எழுந்தது. சின்ன வயதில் இறால் படகில் வேலை பார்த்த அதே ஊர்.

2020 மார்ச் 1 அன்று பெர்த் நகரில் கேனிங் ஹைவேயை சுமார் 10 கிலோமீட்டருக்கு மூடி, லாரிகள் மேல் குழுக்களை நிறுத்தி ஏசி/டிசி பாட்டுகளை வாசித்தார்கள். பார்க்க வந்தவர்கள் 1 லட்சத்துக்கும் மேல். பானுக்கு இருந்திருந்தால் அப்போது வயது 73.