பேய்க் கோட்டையைக் கனவில் கண்டவர்

1764-ம் ஆண்டு. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு முந்திய நாள். லண்டன் நகரில் ஒரு சிறிய நாவல் விற்பனைக்கு வந்தது. மொத்தம் 500 பிரதிகள்தான் அச்சிட்டு இருந்தார்கள்.

அதன் பெயர், "ஒட்ராண்டோ கோட்டை."

சில நாட்களுக்குள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அதே பேச்சாக இருந்தது. சிலர் அதைப் படித்துக் கண்ணீர் விட்டார்கள். பலர் இரவில் படுக்கப் போகவே பயந்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் சிறு பிள்ளைகள் அல்ல. நிறையப் படித்தவர்கள்!

ஆங்கிலத்தில் வந்த பேய் வீட்டு நாவல்களுக்கு எல்லாம் முன்னோடி அந்தப் புத்தகம்தான். அதை எழுதியவர் ஹோரேஸ் வால்போல். ஆனால் அவருடைய பெயர் புத்தகத்தில் எங்கேயும் இல்லை. அவர் ஏன் ஒளிந்துகொண்டார்?

பிரதமரின் மகன்

ஹோரேஸ் வால்போல் 1717-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை சர் ராபர்ட் வால்போல். இங்கிலாந்தின் முதல் பிரதமர் என்று சரித்திரம் சொல்வது அவரைத்தான்.

ஹோரேஸ் கடைசிப் பிள்ளை. மெலிந்த உடம்பு. ஈட்டன் பள்ளியில் படித்தபோது தாமஸ் கிரே என்ற மாணவர் அவருக்கு நண்பர் ஆனார். பிற்காலத்தில் பெரிய கவிஞராகப் புகழ் பெற்ற கிரே அவர்தான். இரண்டு பேரும் 1739-ம் ஆண்டு பிரான்சுக்கும் இத்தாலிக்கும் பயணம் போனார்கள். வழியில் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒன்று சேர்ந்தார்கள்.

ஊர் திரும்புவதற்கு முன்பே ஹோரேஸ், பார்லிமெண்டு மெம்பர் ஆகிவிட்டார். தந்தை வாங்கிக் கொடுத்த அரசாங்கப் பதவிகளில் இருந்து பணம் வந்தது. பிழைப்புக்கு அவர் கஷ்டப்பட வேண்டியது இல்லை. கலியாணமும் செய்துகொள்ளவில்லை. அவர் ஆசை எல்லாம் பழைய பொருள்கள் மீது. பழைய கண்ணாடி, பழைய கவசம், பழைய படம் என்று தேடித் தேடிச் சேர்த்தார்.

காகிதக் கோட்டை

லண்டனுக்குப் பக்கத்தில் தேம்ஸ் நதிக் கரையில் டுவிக்கன்ஹாம் என்ற ஊர் இருக்கிறது. 1747-ம் ஆண்டு அங்கே ஒரு சிறிய வீட்டைக் குத்தகைக்கு எடுத்தார். பிறகு விலைக்கே வாங்கிவிட்டார். அதன் பெயர் ஸ்ட்ராபெரி ஹில்.

அந்த வீட்டைப் பழங்காலக் கோட்டை போல மாற்றத் தொடங்கினார். கோபுரம் வைத்தார். ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி பதித்தார். மாடிப்படியை மங்கலான வெளிச்சத்தில் இருக்கும்படி அமைத்தார். பெரிய கூடத்தின் கூரையில் இருந்த அலங்கார வேலை, பார்ப்பதற்குக் கல்லில் செதுக்கியது போலத் தோன்றும். உண்மையில் அது காகிதக் கூழினால் செய்தது!

வீட்டைப் பார்க்க ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைசியில் சீட்டு அச்சடித்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு நாளைக்கு 4 பேருக்குத்தான் அனுமதி. குழந்தைகளை அழைத்து வரக் கூடாது!

இரும்புக் கை

1764-ம் ஆண்டு அவர் மனம் சரியாக இல்லை. அவருடைய நெருங்கிய உறவினர் கான்வே, பட்டாளத்தில் பெரிய அதிகாரி. அவர் பார்லிமெண்டில் அரசாங்கத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அதற்காக அவருடைய பதவியைப் பறித்துவிட்டார்கள். வால்போலுக்குத் தாங்க முடியாத கோபம், வேதனை.

ஜூன் மாதம் ஒரு நாள் இரவு அவர் ஒரு கனவு கண்டார். பழைய கோட்டை. பெரிய மாடிப்படி. அதன் உச்சியில், கைப்பிடிச் சுவரின் மேல், கவசம் அணிந்த பிரம்மாண்டமான கை ஒன்று!

திடுக்கிட்டு விழித்தார். அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தார். என்ன எழுதப் போகிறோம் என்று அவருக்கே தெரியாது. அரசியலை மறந்தால் போதும் என்று எழுதினார். ஒரு நாள் மாலை 6 மணிக்குப் பேனாவை எடுத்தவர், இரவு ஒன்றரை மணி வரை எழுதினார். இரண்டு மாதத்துக்குள் நாவல் முடிந்துவிட்டது.

கதை இதுதான்: ஒட்ராண்டோ கோட்டையின் அதிபதி மான்பிரெட். அவனுடைய மகனுக்குக் கலியாண நாள். அன்று வானத்தில் இருந்து விழுந்த ராட்சசத் தலைக்கவசம், மகனை நசுக்கிக் கொன்றுவிடுகிறது. குலம் அற்றுப் போகுமே என்று மான்பிரெட் பயப்படுகிறான். மகனுக்கு நிச்சயித்த பெண்ணைத் தானே மணக்கத் துடிக்கிறான். அவள் சுரங்க வழியில் தப்பி ஓடுகிறாள். சுவரில் மாட்டிய படம் சட்டத்தை விட்டு இறங்கி நடக்கிறது. கடைசியில் மான்பிரெட், வேறு யாரோ என்று நினைத்துத் தன் சொந்த மகளையே குத்திவிடுகிறான். பாட்டன் வஞ்சகமாகப் பறித்த கோட்டை, பேரன் காலத்தில் இடிந்து விழுகிறது.

வேஷம் கலைந்தது

ஊர் சிரிக்குமே என்று வால்போல் பயந்தார். பிரதமரின் மகன் பேய்க் கதை எழுதலாமா? அவருக்குச் சொந்த அச்சகமே இருந்தது. ஆனாலும் நாவலை வெளியில் கொடுத்து அச்சிட்டார். ஒரு பழைய குடும்பத்தின் புத்தகசாலையில் கிடைத்த நூல் என்று முன்னுரையில் கதை கட்டினார். 1529-ல் நேப்பிள்ஸ் நகரில் அச்சானதாம். இத்தாலியப் பாதிரியார் ஒருவர் எழுதியதாம். மொழிபெயர்த்தவர் என்று ஒரு பொய்ப் பெயரையும் போட்டார்.

வாசகர்கள் பலர் நம்பினார்கள். கேம்பிரிட்ஜில் நடந்ததை எல்லாம் கிரே கடிதத்தில் எழுதினார். அதைப் படித்த வால்போலுக்குத் தைரியம் வந்தது. 1765 ஏப்ரலில் வந்த இரண்டாம் பதிப்பில், எழுதியவன் நானே என்று ஒப்புக்கொண்டார்.

உடனே காற்று திசை மாறியது. முதலில் புகழ்ந்த "மந்த்லி ரிவ்யூ" பத்திரிகை இப்போது கண்டித்தது. பழங்காலத்தவர் பேயை நம்பினால் மன்னிக்கலாம். இந்தக் காலத்துப் படித்த மனிதர் இப்படி எழுதலாமா என்று கேட்டது.

கதையில் நடப்பது ஒன்றும் மாறவில்லை. அதே தலைக்கவசம். அதே இரும்புக் கை. எழுதியவர் யார் என்று தெரிந்தது. அது ஒன்றுதான் வித்தியாசம்!

கிளாரா ரீவ் என்ற நாவலாசிரியை, இத்தனை பெரிய வாளும் கவசமும் பயத்தைத் தராமல் சிரிப்பைத்தான் தருகின்றன என்றார். அப்படிச் சொன்னவரும் அதே மாதிரியில் ஒரு பேய் நாவல் எழுதினார்!

திருப்பி வந்த வேஷம்

1769-ம் ஆண்டு வால்போலுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவன் தாமஸ் சாட்டர்டன். வயது 16. பழைய காலத்துப் பாதிரியார் எழுதியது என்று சில கவிதைகளை அனுப்பி இருந்தான். உண்மையில் அவனே எழுதியவை அவை.

வால்போல் முதலில் நம்பினார். போலி என்று நண்பர்கள் சொன்னதும் ஒதுங்கிக்கொண்டார். பார்க்கும் வேலையையே ஒழுங்காகப் பார் என்று பையனுக்குப் புத்தி சொன்னார். அடுத்த ஆண்டு சாட்டர்டன் வறுமையில் வாடி, விஷத்தினால் இறந்தான். அவனுக்கு 17 வயதுதான்.

இளங்கவிஞனைக் கைவிட்டவர் என்று பலர் வால்போலைத் தூற்றினார்கள். அவர் பதில் எழுதி அச்சிட்டார். ஆனாலும் பழி போகவில்லை. பழைய நூல் என்று சொல்லி ஊரை நம்பவைத்தவர், அதே தவறைச் செய்த பையனுக்கு இன்னும் கொஞ்சம் இரக்கம் காட்டி இருக்கலாம்.

நின்ற புகழ்

1791-ல் அவருக்குப் பிரபுப் பட்டம் வந்தது. 1797-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி லண்டனில் காலமானார். அப்போது வயது 79.

1811-ம் ஆண்டு வந்த புதுப் பதிப்புக்கு, புகழ் பெற்ற எழுத்தாளர் வால்டர் ஸ்காட் பாராட்டி முன்னுரை எழுதினார். ஸ்ட்ராபெரி ஹில் மாளிகை பழுது பார்க்கப்பட்டு, 2010-ல் பொதுமக்களுக்காகத் திறக்கப்பட்டது.

நாவலைக் கேலி செய்தவர்களின் பேச்சு மறைந்துவிட்டது. இருண்ட மாளிகை, சுரங்க வழி, நடமாடும் படம், முன்னோர் செய்த பாவம் இவை எல்லாம் பேய்க் கதைகளில் நிலைத்துவிட்டன. பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு அவர் மறைத்த புத்தகமே, அவர் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறது.