ரெண்டு பெட்ஷீட்... மூணு ராத்திரி... புக்கர் டி. வாஷிங்டன் கற்ற பாடம்!

ஹாஸ்டலில் முதல் நாள். மற்ற எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒரு விஷயம் உங்களுக்கு மட்டும் தெரியலை. கேட்டா சிரிப்பாங்களோன்னு பயம். இந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்போ புக்கர் டி. வாஷிங்டன் உங்க ஆளு!

1856-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர். 1865-ல் விடுதலை கிடைச்சும் வறுமை விடலை. சின்ன வயசுலேயே உப்பு ஆலை, அப்புறம் நிலக்கரிச் சுரங்கம்னு வேலை. கறுப்பின மாணவர்கள் வேலை பார்த்துக்கிட்டே படிக்கலாம்னு ஹாம்ப்டன் பள்ளியைப் பற்றிச் சுரங்கத்தில் ரெண்டு பேர் பேசியது காதில் விழுந்தது. 1872-ல் கிளம்பிட்டார். சுமார் 500 மைல் பயணம். வழியில் ரிச்மண்ட் நகரில் காசு தீர்ந்துபோக, மரப்பலகை நடைபாதைக்கு அடியில் படுத்துத் தூங்கினார். பள்ளிக்குப் போய்ச் சேரும்போது கையில் 50 சென்ட். நுழைவுத்தேர்வு என்ன தெரியுமா? ஒரு வகுப்பறையைப் பெருக்கணும். மூணு தடவை பெருக்கி, நாலு தடவை தூசி துடைச்சார். ஸீட் கிடைச்சது!

ஆனா, படுக்கையில் ரெண்டு பெட்ஷீட் இருந்தது. பெட்ஷீட் பயன்படுத்துவதே அவருக்குப் புதுசு. முதல் ராத்திரி ரெண்டையும் போர்த்திக்கிட்டார். அடுத்த ராத்திரி ரெண்டின் மேலும் படுத்தார். மற்ற பையன்களைக் கவனிச்சுப் பார்த்துத்தான் ஒண்ணு விரிக்க, ஒண்ணு போர்த்தன்னு புரிஞ்சுக்கிட்டார். பல் துலக்குவது, குளிப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது எல்லாமே அவருக்கு அங்கே புதுப் பாடம்.

1881-ல் அலபாமாவின் டஸ்கிகீயில் 30 மாணவர்களோடு பள்ளி தொடங்கியபோது அவர் இதை மறக்கலை. அங்கே மாணவர்களே செங்கல் அறுத்தாங்க, கட்டடம் கட்டினாங்க. மூணு சூளை வீணாப்போனப்ப, தன் கைக்கடிகாரம் அல்ல, பைக்கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வெச்சார். அதோட, டூத் பிரஷ் இல்லாம யாரும் அங்கே தங்க முடியாதுங்கிறது அப்போதைய விதி. கிட்டத்தட்ட வேறெதுவும் இல்லாம டூத் பிரஷ்ஷை மட்டும் எடுத்துக்கிட்டு வந்த மாணவர்களும் உண்டு!

தொழிற்கல்வியைப் பேசினவர், அரசியல் உரிமையை அழுத்திக் கேட்கலைன்னு டு பாய்ஸ் போன்றவர்கள் அவரைக் கடுமையா விமர்சிச்சாங்க. 1915-ல் கறுப்பின மக்களுக்காகச் சுகாதார வாரம் தொடங்கினார். அதே வருஷம் 59 வயதில் காலமானார்.

கைத்தொழில் மட்டும் கத்துக்கொடுத்தா போதாது. புது இடத்தில் கூச்சமில்லாம வாழவும் கத்துக்கொடுக்கணும். உங்க ரூமுக்குப் புதுசா வர்ற பையன் எதுக்காவது தயங்கி நின்னா, சிரிக்காதீங்க. நீங்க எப்படிச் செய்றீங்கன்னு அவன் கவனிச்சுக்கிட்டு இருக்கலாம்!